ஆர்கேட் சண்டை ஆட்டத்தை வீட்டு கன்சோலுக்குக் கொண்டுவரும்போது எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

கேள்வி இதுதான்: "ஆர்கேடில் ஓடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ அப்படியே, கன்சோலில் செருகும் காட்ரிட்ஜில் ஏற்றியிருந்தால் வேலை முடிந்திருக்குமே? ஏன் ஒவ்வொரு கன்சோலிலும் அது ஒவ்வொரு மாதிரி வந்தது? இப்போது ஆடிப் பார்க்க எது நல்லது?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: அப்படியே ஏற்ற முடியாது. ஆர்கேட் மெஷினுக்குள் இருக்கும் போர்டு வேறு, வீட்டில் டிவியோடு இணைக்கும் கருவி வேறு. ஒன்றுக்காக எழுதிய புரோகிராம் இன்னொன்றில் ஓடாது. ஓடினாலும் இடம் பத்தாது. ஆகவே எதை விடலாம், எதை விடக் கூடாது என்று முடிவு செய்வதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி போகிறது. சண்டை ஆட்டத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு என்பது என் கருத்து. படத்தைச் சுருக்கலாம், பின்னணியைக் குறைக்கலாம், குரலின் தரத்தைக்கூட விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஒரு குத்து எத்தனை ஃபிரேமில் (திரையில் நொடிக்கு 60 முறை மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) வெளிப்படுகிறது, எவ்வளவு தூரம் எட்டுகிறது, அடி வாங்கியவர் எத்தனை ஃபிரேம் தடுமாறி நிற்கிறார் என்ற கணக்கில் கை வைக்கக் கூடாது. 1992-ல் சூப்பர் நின்டெண்டோ என்ற வீட்டு கன்சோலுக்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இதைப் புரிந்துகொண்டு செய்த பதிப்பு. அதனால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

1991-ல் கேப்காம் ஆர்கேடுக்கு விட்ட மூல ஆட்டம், அந்த நிறுவனத்தின் சிபிஎஸ்-1 போர்டில் ஓடியது. 10 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68000 பிராசசர், ஒலிக்கென்று தனியாக ஒரு இசட்80, இசைக்கு யமஹாவின் எஃப்எம் சிப், குரல்களுக்கும் அடிச் சத்தத்துக்கும் இன்னொரு சிப். திரை 384க்கு 224 பிக்சல். படங்கள் மட்டுமே ரோமில் (ஆட்டத்தைப் பதிந்து வைத்த நினைவகச் சிப்பில்) ஏறத்தாழ 6 மெகாபைட் பிடித்தன. சூப்பர் நின்டெண்டோவில் இருந்ததோ 65816 வகையைச் சேர்ந்த, அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசசர். திரை 256க்கு 224. 1992 ஜூனில் ஜப்பானில் 9,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்த காட்ரிட்ஜ் 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். படம், இசை, குரல், புரோகிராம் எல்லாம் அந்த 2 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். அந்தக் கருவிக்கு அதுவரை வந்தவற்றில் அதுதான் பெரிய காட்ரிட்ஜ் என்பதை மறந்துவிடக் கூடாது.

10 மெகாஹெர்ட்ஸ், 3.58 மெகாஹெர்ட்ஸ் என்ற எண்களைப் பார்த்ததும் பிராசசர்தான் சிக்கல் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பெரிய சிக்கலே இல்லை. 65816 ஒரு கட்டளையை 68000-ஐவிடக் குறைந்த சுழற்சிகளில் முடித்துவிடும். அதனால் வெறும் மெகாஹெர்ட்ஸை ஒப்பிடுவது சரியாகாது. தவிர, சண்டை ஆட்டத்தில் பிராசசருக்கு வேலை குறைவு. திரை முழுக்கத் தோட்டாக்கள் பறக்கும் விமான ஆட்டத்தில் நூறு பொருள்களைக் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு பேர், ஆளுக்கொரு ஃபயர்பால் (கையிலிருந்து எறியும் நெருப்புப் பந்து), அவ்வளவுதான். அந்த இரண்டு பேருக்கும் மலைபோல் படங்கள் இருப்பதுதான் தலைவலி. சண்டை ஆட்டம் எப்போதுமே கணக்கைவிட நினைவகத்தைத் தின்னும். இந்தப் பதிலில் வரப்போகிற மற்றக் கருவிகளின் கதையும் கிட்டத்தட்ட இதுவேதான்.

அகலத்திலிருந்து ஆரம்பிப்போம். 384-ஐ 256 ஆக்கினால் மூன்றில் இரண்டு பங்கு. ஆர்கேட் பிக்சல் ஒல்லியானது, சூப்பர் நின்டெண்டோ பிக்சல் தடித்தது. டிவியில் இரண்டுமே 4:3 வடிவத்தில்தான் தெரியும். அதனால் ஆர்கேட் படத்தை அப்படியே போட்டால் ஆட்டத்தின் வீரர்களான ரியூவும் கென்னும் அகலமாகப் பருத்துப்போவார்கள். ஒவ்வொரு படத்தையும் அகலத்தில் சுருக்க வேண்டும். புரோகிராமை வைத்துச் சுருக்கினால் முகமும் விரல்களும் சிதைந்துபோகும். ஓவியர் உட்கார்ந்து கையால் திருத்தியே ஆக வேண்டும்.

படத்தைச் சுருக்கியது போலவே தூரங்களையும் சுருக்க வேண்டும். ஆட்டத்தின் உயிர் இருக்கும் இடம் இது, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு ஃபயர்பால் ஆர்கேடில் ஃபிரேமுக்கு 6 பிக்சல் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம், இங்கே 4. சுலபம். ஆனால் பிடித்துத் தூக்கி எறியும் தூரம் அங்கே 25 பிக்சல் என்றால் இங்கே 16.67. இதை 16 என்று வைப்பதா, 17 என்று வைப்பதா? ஒரு பிக்சல்தானே என்று தோன்றும். ஆனால் எதிராளியைப் பிடித்து எறிவதையே நம்பியிருக்கும் மல்யுத்த வீரர் சாங்கீஃபை வைத்து ஆடுபவருக்கு அந்த ஒரு பிக்சல்தான் வாழ்வு. எதிராளியின் லேசான உதை எட்டும் எல்லைக்கு வெளியே நின்று அவரைப் பிடிக்க முடியுமா என்பதே அந்த எண்ணில்தான் இருக்கிறது. நடைவேகம், குதிக்கும் தூரம், அடி வாங்கிப் பின்னால் தள்ளப்படும் தூரம் என்று நூற்றுக்கணக்கான எண்கள். ஒவ்வொன்றிலும் இந்த மேலா கீழா என்ற முடிவு வரும். எல்லாவற்றையும் கீழ்ப்பக்கம் நறுக்கிவிட்டால் தூரங்கள் சிறுகச் சிறுகக் குறைந்து, படத்தில் எந்த வித்தியாசமும் தெரியாமலே ஆட்டம் வேறாகிவிடும்.

காலக்கணக்கு இன்னும் நுட்பமானது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் காம்போக்கள், அதாவது எதிராளி தப்ப முடியாதபடி தொடர்ந்து விழும் அடிகள், திட்டமிட்டு வைத்தவை அல்ல. கார் உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது அடிகள் இடைவெளியின்றித் தொடர்ந்து விழுவதைத் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனமிசு கவனித்தார்; நீக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அடி பட்டவர் தடுமாறும் ஃபிரேம்கள் முடிவதற்குள் அடுத்த அடி வெளிப்பட்டுவிடும் என்ற எண் பொருத்தம்தான் காம்போ. வேறு பிராசசருக்கு முழுப் புரோகிராமையும் புதிதாக எழுதும்போது, வடிவமைப்புக் குறிப்பை மட்டும் பார்த்து எழுதினால் இது தானாக வந்து சேராது. குறிப்பில் இல்லாத குணங்களையும் எடுத்து வர வேண்டும். சூப்பர் நின்டெண்டோ பதிப்பு ஆர்கேடோடு முற்றிலும் ஒன்றல்ல, ஆனால் ஆர்கேடில் பழகிய கை இங்கேயும் பலித்தது. அந்த ஒரு பதிப்பு மட்டும் உலகெங்கும் 63 லட்சம் பிரதிகள் விற்றதற்குப் பல காரணங்கள் உண்டு; எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்.

இப்போது படங்களைத் திரைக்குக் கொண்டுவரும் சிக்கல். இதைக் கணக்காகவே காட்டுகிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கில் ஓர் அழகு இருக்கிறது. சூப்பர் நின்டெண்டோவில் நகரும் உருவங்கள் 8க்கு 8 பிக்சல் டைல்களால் ஆனவை. ஒரு டைலுக்கு 32 பைட். ஒரே சமயத்தில் உருவங்களுக்காக வைத்திருக்கக்கூடிய டைல்கள் 512. அதாவது 16 கிலோபைட். 64 பிக்சல் அகலம், 96 பிக்சல் உயரம் உள்ள ஒரு வீரருக்கு 96 டைல், 3 கிலோபைட். ரியூவின் எல்லா நிலைகளையும் 16 கிலோபைட்டுக்குள் அடைக்கவே முடியாது. ஆகவே அவர் நிலை மாறும்போதெல்லாம் புதுப் படத்தைக் காட்ரிட்ஜிலிருந்து வீடியோ நினைவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதையும் நினைத்த நேரத்தில் அனுப்ப முடியாது. டிவியின் கதிர் திரையின் அடியிலிருந்து மேலே திரும்பும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் அனுப்பலாம். வண்டி ஸ்டேஷனில் நிற்கும் இரண்டு நிமிடத்துக்குள் கல்யாண கோஷ்டியின் சாமானை எல்லாம் ஏற்றுவது மாதிரி. அந்த இடைவெளியில் போகக்கூடியது ஏறத்தாழ 6 கிலோபைட்.

இரண்டு வீரர்களும் ஒரே ஃபிரேமில் நிலை மாறினால் 3-ம் 3-ம் 6. ஃபயர்பாலுக்கும் அடி விழும் பொறிக்கும் மிச்சமே இல்லை.

இதற்கு வழிகள் உண்டு. திரையின் மேலும் கீழும் சில வரிகளைக் கறுப்பாக விட்டுவிட்டால் அந்த நேரமும் படம் அனுப்பக் கிடைக்கும். சூப்பர் நின்டெண்டோ பதிப்பில் மேலும் கீழும் தெரியும் கறுப்புப் பட்டைகளின் பயன் அதுதான். கை மட்டும் நீளும் நிலைக்கு உடலின் டைல்களை மறுபடி அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பலாம். இரண்டு வீரர்களின் படங்களையும் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமில் முறைவைத்து அனுப்பலாம். இந்தக் கடைசி வழியில் ஒரு வீரரின் படம் ஒரு ஃபிரேம் தாமதமாகத் தெரியும். ஆனால் அடி விழுந்ததா இல்லையா என்று தீர்மானிக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டி சரியான ஃபிரேமில் மாறிவிடும். படம் பின்தங்கலாம், கணக்கு பின்தங்கக் கூடாது என்று மேலே சொன்னது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

இன்னொரு கட்டுப்பாடு: திரையின் ஒரே கிடைவரியில் உருவ டைல்கள் 34-க்கு மேல் வர முடியாது. சாதாரணமாக இரண்டு பேருக்கு அது தாராளம். சோதனை வைப்பவர் இந்தியாவிலிருந்து வரும் தால்சிம். கையைப் பாதித் திரைக்கு நீட்டும் ஒரு வீரரை வைத்து ஆட்டம் செய்தால் ஒவ்வொரு வரியையும் எண்ணியே ஆக வேண்டும். முகம் திருப்புவதற்கு மட்டும் செலவில்லை. உருவத்தை இடவலம் புரட்டும் வசதி வன்பொருளிலேயே உண்டு, ஆர்கேடிலும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஒற்றைக்கண் வீரர் சாகட் திரும்பி நிற்கும்போது அவருடைய கண்மறைப்பு அடுத்த கண்ணுக்குத் தாவுவதற்கு அதுதான் காரணம்.

2 மெகாபைட்டில் அடக்க, அசைவுகளில் சில இடைநிலைகள் போயின, பின்னணி விவரங்கள் குறைந்தன. பீப்பாய் உடைக்கும் போனஸ் சுற்று போய், செங்கல் உடைக்கும் சுற்று வந்தது. படங்களை அழுத்திச் சேமித்திருக்கலாமே என்று கேட்கலாம். பின்னணியை அப்படிச் செய்யலாம், ஒரு மோதலுக்கு ஒரு முறைதான் விரிக்க வேண்டும். வீரரின் படத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் விரிக்க அந்த பிராசசருக்கு நேரம் கிடையாது. 1996-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 2-ஐ அதே கருவிக்குக் கொண்டுவந்தபோது, அதற்கென்றே எஸ்-டிடி1 என்ற விரிக்கும் சிப்பைக் காட்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டியிருந்தது.

ஒலிக்கு 64 கிலோபைட். இசைக்கருவிகளின் மாதிரிகள், "ஹடோகென்" குரல், அடிச் சத்தம் எல்லாம் அதற்குள். குரல் மங்கலாக இருப்பது அதனால்தான். எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதே இல்லை.

பட்டன் விஷயத்தில் சூப்பர் நின்டெண்டோவுக்கு அதிர்ஷ்டம். ஆர்கேடில் மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறு பட்டன். அந்தக் கருவியின் பேடில் முகப்பில் நான்கு, தோளில் இரண்டு என்று சரியாக ஆறு. பலமான குத்தும் உதையும் தோள் பட்டன்களுக்குப் போயின. சேகா மெகா டிரைவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் பேடில் மூன்றே பட்டன். 1993-ல் அதற்கான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பதிப்பாக ஸ்பெஷல் சாம்பியன் எடிஷன் வந்தபோது, பழைய பேடில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திக் குத்துக்கும் உதைக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருந்தது. சண்டையின் நடுவே அதைச் செய்துபார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கொடுமை என்று தெரியும். அதனால்தான் சேகா ஆறு பட்டன் பேடையே தனியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

மெகா டிரைவில் இருந்தது ஆர்கேடின் அதே 68000 குடும்பப் பிராசசர், 7.67 மெகாஹெர்ட்ஸ், திரையும் 320 பிக்சல் அகலம் வரை போகும், காட்ரிட்ஜ் 24 மெகாபிட். தாளில் பார்த்தால் இதுதான் ஆர்கேடுக்கு நெருக்கம். ஆனால் நிறம் கைவிட்டது. மொத்தம் 512 நிறங்கள், 16 நிறம் கொண்ட தட்டுகள் நான்கு. இரண்டு வீரர்களுக்கு ஆளுக்கொரு தட்டு கொடுத்தால், பின்னணிக்கும் உயிர்ப்பட்டைக்கும் ஃபயர்பாலுக்கும் சேர்த்து இரண்டே தட்டு மிச்சம். சூப்பர் நின்டெண்டோவிலோ உருவங்களுக்கு மட்டுமே எட்டுத் தட்டு. பதிவு செய்த ஒலியை ஒலிக்க மெகா டிரைவில் இருந்ததும் ஒரே ஒரு தடம். இசையின் டிரம்மும் வீரரின் குரலும் அந்த ஒன்றுக்காக மோதிக்கொண்டன. அந்தப் பதிப்பில் குரல்கள் தொண்டை கட்டியது போலக் கரகரப்பது பிரசித்தம். அப்படியிருந்தும் ஆட்டம் நல்ல ஆட்டம்தான், ஏனென்றால் காலக்கணக்கு நின்றது. குரலை மட்டும் வைத்து அதை ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உண்மையில் கெட்டுப்போனது எது தெரியுமா? ஐரோப்பாவில், PAL என்ற டிவி முறைக்காக விற்ற காட்ரிட்ஜ்கள். அங்கே டிவி நொடிக்கு 50 ஃபிரேம். ஆட்டமோ 60-க்கு எழுதப்பட்டது. பெரும்பாலான ஆட்டங்களை எதையும் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ம் அப்படித்தான். ஆறில் ஒரு பங்கு வேகம் போனது, இசையும் இழுவையானது. ஒரு படம்கூட வெட்டப்படவில்லை. ஆனால் ஃபயர்பாலைப் பார்த்துக் குதிக்கக் கிடைக்கும் நேரம் மாறியதால், ஆட்டமே வேறாகிவிட்டது.

சிடி வந்த பிறகு இடப்பஞ்சம் தீர்ந்தது என்று நினைத்தார்கள். பஞ்சம் இடம் மாறியதுதான் மிச்சம். காட்ரிட்ஜில் இருக்கும் படத்தை அடுத்த ஃபிரேமிலேயே எடுக்கலாம். சிடியிலிருந்து எடுக்க நொடிக்கணக்கில் ஆகும். எனவே ஒரு சுற்றுக்குத் தேவையான அத்தனையும் முன்கூட்டியே ராமில் (தற்காலிக நினைவகத்தில்) இருக்க வேண்டும். எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கேடில் சிபிஎஸ்-2 போர்டு, படங்கள் ஏறத்தாழ 32 மெகாபைட். பக்கத்துக்கு இரண்டு பேர், நினைத்த கணத்தில் ஆள் மாற்றலாம். அதாவது நான்கு பேரின் படங்களும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சேகா சாட்டர்னுக்கு 1997-ல் 4 மெகாபைட் ராம் காட்ரிட்ஜோடு விற்றார்கள். ஆள் மாற்றம் ஆர்கேடில் போலவே உடனே நடந்தது. பிளேஸ்டேஷனில் பொது ராம் 2 மெகாபைட், வீடியோ ராம் 1 மெகாபைட், கூட்டவும் வழியில்லை. 1998-ல் அதற்கு வந்த பதிப்பில் அசைவுகள் குறைந்தன. நினைத்தபோது ஆள் மாற்றும் வசதியே எடுக்கப்பட்டு, கூட்டாளி துணைக்கு வந்து ஓர் அடி அடித்துவிட்டுப் போகிறவராக மட்டும் ஆனார். படத்தைச் சுருக்குவதைத் தாண்டி விதியையே வெட்டிவிட்டார்கள். வேறு வழி இருந்திருக்காது என்பது புரிகிறது. ஆனாலும் அதை அதே ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முப்பரிமாண ஆட்டங்களில் வெட்டும் இடம் வேறு. வெர்ச்சுவா ஃபைட்டர் 2 ஓடிய சேகாவின் மாடல் 2 ஆர்கேட் போர்டு சாட்டர்னைவிடப் பல மடங்கு வலுவானது. 1995-ல் சேகாவின் ஏஎம்2 குழு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, முப்பரிமாணப் பின்னணிகளைத் தூக்கிவிட்டுத் தட்டையான படங்களை நகர்த்தியது. வீரர்களின் வடிவத்தையும் எளிமையாக்கியது. விட்டுக்கொடுக்காதது நொடிக்கு 60 ஃபிரேம் என்ற வேகத்தை, அதுவும் அந்தக் கருவியின் உயர் தெளிவுத்திறனில். எதை வெட்டலாம் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. நாம்கோ வேறு வழியில் போனது. டெக்கன் ஓடிய சிஸ்டம் 11 போர்டே பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்டதுதான், அதனால் வீட்டுப் பதிப்பு ஆர்கேடுக்கு மிக நெருக்கமாக அமைந்தது. 1999-ல் டிரீம்காஸ்டுக்கு வந்த சோல்கேலிபரில் நிலைமை தலைகீழ்: வீட்டுக் கருவி ஆர்கேட் போர்டைவிட வலுவாகிவிட்டதால் பின்னணிகளையும் வீரர்களையும் மேம்படுத்தியே தந்தார்கள். ஜப்பானின் வீடியோ கேம் இதழான ஃபாமிட்சு 40-க்கு 40 கொடுத்தது.

இன்று எதை ஆடுவது? ஆர்கேட் மூலம் வேண்டுமென்றால் 2018-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-வது ஆண்டுத் தொகுப்பு போதும். அதிலுள்ள பன்னிரண்டும் ஆர்கேட் பதிப்புகளே. சூப்பர் நின்டெண்டோ பதிப்பு அதில் கிடையாது. அதற்கு, 2017-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நின்டெண்டோ விட்ட சின்ன சூப்பர் நின்டெண்டோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ இருக்கிறது; ஹைப்பர் ஃபைட்டிங் என்ற ஆர்கேட் பதிப்பின் வீட்டு வடிவம் அது.

எதை ஆடினாலும் முதலில் டிவியை கேம் மோடுக்கு மாற்றுங்கள். ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட்; படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி 50 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் மூன்று ஃபிரேம் போய்விடும். 1992-ல் பிக்சல் பிக்சலாகக் காப்பாற்றிய கணக்கை உங்கள் டிவியே தின்றுவிடும். பிறகு தொகுப்பிலுள்ள ஹைப்பர் ஃபைட்டிங்கையும் சின்ன சூப்பர் நின்டெண்டோவிலுள்ள டர்போவையும் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டிலும் தால்சிமை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் ரியூவை நிறுத்தி, பலமான குத்து எட்டும் கடைசி இடத்தைக் கண்டுபிடித்து, அது திரை அகலத்தில் எத்தனை பங்கு என்று இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.